வளையல் என்று சொன்னேன்

மாரியம்மாளைக் கும்பிடுகிற என் சனங்களுக்கு இதை நானே என் கையால் எழுதுகிறேன். வரி கோணலாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருஷத் திருவிழா நேரம் என் கையை முகத்துக்கு நேரே பிடித்தாலும் எனக்குத் தெரியாது.

என் பெயர் லெட்சுமி. தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம். ஒரே மகள் கௌசல்யா, குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போனாள். திரும்பி வந்து டவுனில் தையல் கடை போடவேண்டும் என்பது அவளுடைய ஆசை. அவள் போனபிறகு லயத்து வரிசையில் எங்கள் ஒற்றைக் காம்பராவில் நான் ஒருத்திதான்.

அவள் போன அடுத்த வருஷம் கண்ணில் புகை மூடியது. மலையில் பனி இறங்கியிருக்கிறது என்றே முதலில் நினைத்தேன். பனி கலைந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்குக் கலையவில்லை. கொழுந்தை விரல் அறியும், அதனால் கொஞ்ச நாள் தடவியே பறித்தேன். ஆனால் முற்றின இலையும் சேர்ந்து விழுந்தது. கங்காணி எல்லோர் முன்னாலும் கூடையைக் கவிழ்த்துக் காட்டி, "என்ன லெச்சுமி, மாட்டுக்கா பறிக்கிற?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மாதமே முழங்கால் வலி என்று சொல்லிப் பேரை வெட்டிக்கொண்டு வேலையை விட்டேன்.

கண் தெரியவில்லை என்று யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். சொன்னால் கௌசல்யா காதுக்குப் போகும். போனால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவாள், கடையும் இல்லை ஒன்றும் இல்லை என்று ஆகும். இது ஒரு காரணம். இன்னொன்று என் திமிர். லயத்தில் வாயாடி என்று பேரெடுத்தவள் நான். அப்படிப்பட்டவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்று ஊர் பேசுவதை என்னால் தாங்க முடியாது.

நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிக் கண்ணில் விட்டுப் பார்த்தேன். எரிந்ததுதான் மிச்சம். நீங்கள் யாரும் அதைச் செய்துவிடாதீர்கள்.

கண் இல்லாத வீடு எப்படி இருக்கும் தெரியுமா? காம்பராவில் எல்லாம் வைத்த இடத்தில்தான் இருக்கும், நகர்த்த ஆளில்லையே. கதவிலிருந்து அடுப்புக்கு ஏழு காலடி, வாளிக்கு மூன்று காலடி. ஒருநாள் ஒரு பூனை புகுந்து பானை மூடியைத் தள்ளிவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. என் வீட்டிலும் ஒரு உயிர் வந்து எதையோ மாற்றிவைத்திருக்கிறதே என்று அழுதேன்.

பக்கத்துக் காம்பரா கனகம்மாவுடையது. நடுவில் ஒரு சுவர்தான். அவள் இருமினால் எனக்குக் கேட்கும். ஆனால் நாங்கள் பேசி நாலு வருஷம். மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் வாளி வைத்துப் பிடிக்கும்போது யார் வாளி முதல் வாளி என்ற சண்டை. "இனி செத்தாலும் என் மூஞ்சியில முழிக்காத, என்கிட்ட பேசாத" என்று நான்தான் கத்தினேன். சொன்னது சொன்னதுதான் என்று அவளும் இருந்துவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமிப் படத்தின் கீழே வைத்தேன். "தாயே, பார்வையைக் கொடு, உனக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துகிறேன். ஆனால் என் பிள்ளைக்கு மட்டும் இது தெரியக்கூடாது" என்று வேண்டினேன். சாமிக்கே நான் வழி சொல்லிக்கொடுத்தேன், பாருங்கள்.

பிறகு துணிந்து தனியாகக் கண்டி பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். கண் கிளினிக்குக்குப் போகும் வழியைக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் குருடி என்று தெரிந்துவிடுமே! சனத்தோடு சனமாக இரண்டு தரம் சுற்றிவிட்டு, வந்தது போதும் என்று பஸ்ஸில் ஏறினேன். பஸ்ஸின் போர்டையும் நான் கேட்கவில்லை. இறக்கிவிட்ட இடம் திகன. என் தோட்டம் ஒரு பக்கம், திகன இன்னொரு பக்கம்.

கடை வாசல் ஒன்றில் தடுமாறி நின்றேன். கடைக்கார முஸ்லிம் ஐயா ஒரு கதிரையைப் போட்டு உட்காரவைத்தார். பிளேன்டீ கொடுத்தார். "அம்மா, ஒங்களுக்கு கண் வெளங்குதில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கண்ணாடிய வீட்டுல மறந்துட்டு வந்துட்டேன் ஐயா" என்றேன்.

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கடையைப் பக்கத்தாளிடம் விட்டுவிட்டு வந்து, என்னைச் சரியான பஸ்ஸில் ஏற்றிக் கண்டக்டரிடமும் சொல்லி அனுப்பினார். அம்மன் எனக்கு அனுப்பிய முதல் ஆள் அவர்தான். அது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் புரிந்தது.

வீட்டுக்கு வந்து படத்தின் முன்னால் உட்கார்ந்தேன். இந்தத் தடவை வழி சொல்லவில்லை. "தாயே, நானாகச் சொல்லமாட்டேன், என் வாய் அப்படிப்பட்டது. யாராவது விடாமல் கேட்கவேண்டும். ஒருத்தரை அனுப்பு. பார்வை வராவிட்டாலும் பரவாயில்லை, இந்தத் தனிமை தாங்கவில்லை" என்றேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் கனகம்மா இருமினாள்.

கௌசல்யா வெள்ளிக்கிழமைதோறும் பின்னேரம் வீடியோவில் எடுப்பாள். போனில் எந்த இடத்தில் விரலை இழுக்கவேண்டும் என்று எனக்குப் பழக்கம். முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கடி, முகம் தெளிவா இருக்கு" என்பேன். இரண்டு வருஷமாக அதே வசனம்தான். அவள் முகம் எனக்கு ஒரு வெளிச்சத் திட்டு, அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படியே சொன்னேன். அவள், "அம்மா, என் கையைப் பாருங்க" என்றாள்.

வெள்ளையாக ஏதோ அசைந்தது. "பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றேன்.

"என் கையில என்ன இருக்கு, சொல்லுங்க."

பொம்பளைப் பிள்ளை கையைக் காட்டினால் வேறு என்ன இருக்கும்? "வளையலாடி? புதுசா? உனக்கு நல்லா எடுப்பா இருக்கு" என்றேன்.

அந்த வெள்ளை மெதுவாகக் கீழே இறங்கியது. பிறகு, "ஆமாம்மா, வளையல்தான்" என்றாள். போன் வெட்டுப்பட்டது.

சமாளித்துவிட்டேன் என்று நினைத்து ஒரு பெருமூச்சு விட்டேன். தேத்தண்ணிக்கு அடுப்பைக்கூட மூட்டவில்லை, கதவு படார் என்று திறந்தது.

"கெளம்பு."

கனகம்மாவின் குரல்! நாலு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் சொல்.

"எங்க?" என்றேன்.

"நாளைக்கு டவுன் ஆஸ்பத்திரிக்கு. இப்ப துணிமணிய எடுத்து வையி. ஒன் மக போன் போட்டு அழுவுறா. அவ ஒண்ண காட்டினாளாம், நீ வேற என்னமோ சொன்னியாம். ஒனக்கு கண்ணு தெரியலேன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"எனக்கு ஒண்ணுமில்ல, போ."

"சும்மா இரு லெச்சுமி. செவுத்துக்கு அந்தப் பக்கந்தானே இருக்கேன்? ரெண்டு வருஷமா நீ முட்டிக்கிற சத்தம் எனக்குக் கேக்காமலா இருக்கு?"

"அப்ப ஏன் கேக்கல?"

"நீதானே பேசாதேன்ன."

அவள் தோளில் முகத்தை வைத்து அழுதேன். நான் அம்மனிடம் ஆள் கேட்டேன். அம்மன் பார்த்துப் பார்த்துக் கனகம்மாவை அனுப்பினாள். நான் பேர் சொல்லிக் கேட்டிருந்தால் வேறு யாரையாவது கேட்டிருப்பேன்!

களவெடுத்தவளைப் பொலிஸ் கூட்டிப்போவதுபோல் மணிக்கட்டைப் பிடித்தே கூட்டிப்போனாள். இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். ஒப்பரேஷன் செய்தால் தெரியும், கூட்டிவர ஏன் இவ்வளவு காலம் என்று கேட்டார்கள். முறைக்காகச் சில மாதம் காத்திருந்தோம். அத்தனை கிளினிக்குக்கும் அவளே வந்தாள். ஒப்பரேஷன் அன்றைக்கு ஒரு நர்ஸ் என் கையைத் தடவி, "பய வென்ட எப்பா, அம்மே" என்றார். எனக்குச் சிங்களம் அரைகுறை.

"பயப்படாதேங்குறாங்க" என்றாள் கனகம்மா. "நீ எங்க பயப்படப் போற, ஊரையே பயமுறுத்துறவ."

மறுநாள் காலையில் கட்டை எடுத்தார்கள். முதலில் வெளிச்சம். பிறகு நிறம். பிறகு எனக்கு எதிரே ஒரு நரைத்த தலை.

"என்னடி கனகம், இப்பிடி நரைச்சிட்ட?" என்றேன்.

"நீ மட்டும் கொமரியா?" என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள்.

இத்தோடு முடிந்திருந்தால் இது என் கண்ணின் கதை மட்டும்தான். அடுத்த வெள்ளிக்கிழமை கௌசல்யா எடுத்தாள். நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிள்ளையின் முகத்தைப் பார்க்கப்போகிறேன்.

பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. அனுப்பும்போது முகம் நிறையச் சிரித்த பிள்ளை. இவளைத்தானா வாரா வாரம் முகம் தெளிவாக இருக்கிறது என்று சொன்னேன்?

"அந்த வளையலைக் காட்டுடி" என்றேன்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. வலது கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டு கோணியிருந்தது. உயரத்தில் ஏறி ஜன்னல் கழுவும்போது விழுந்திருக்கிறாள். அன்றைக்கு நான் பார்த்த வெள்ளை, பிளாஸ்டர் கட்டு. கட்டோடும் வேலை செய்திருக்கிறாள், அதனால் எலும்பு நேராகக் கூடவில்லை.

"வாய விட்டுச் சொல்லவேண்டியதுதானே? ஏன் சும்மா தூக்கிக் காட்டின?" என்று கத்தினேன்.

"நானா வாறேன்னு சொல்ல எனக்கு வாய் வரலம்மா. கட்டைப் பாத்தா நீங்களே 'வந்துருடி'ன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அதுக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமைக்காகப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

என் பிள்ளைதான், என் வாய்தான். நான் யாராவது கேட்கமாட்டார்களா என்று இங்கே கிடந்தேன். அவள் அம்மா பார்க்கமாட்டாளா என்று அங்கே கிடந்தாள். தனக்கு அழவேண்டிய நேரத்தில் எனக்காகக் கனகம்மாவுக்குப் போன் போட்டாள். அன்றைக்கு என்ன காட்டினாய் என்று நான் கேட்டும், என் கண்ணுக்கு வைத்தியம் முடியும்வரை தன் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"வந்துருடி" என்றேன். அவள் ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருந்தது. "கடையும் வேணாம், ஒண்ணும் வேணாம். வந்துருடி."

வந்தாள். இந்த வருஷத் திருவிழாவில் நாங்கள் மூன்று பேரும் போய்க் கண்மலர் சாத்தினோம். தட்டில் வெள்ளிக் கண்ணோடு ஒரு வெள்ளிக் கையும் வைத்தேன். பூசாரி, "கைக்கும் நேர்ச்சையா?" என்று கேட்டார். "ஆமாங்க, அத எனக்குக் காட்டத்தான் கண்ணையே குடுத்தா" என்றேன். கௌசல்யா கோணின கையோடேயே இப்போது வீட்டில் மிஷின் மிதிக்கிறாள். தையல் மெதுவாகத்தான் ஓடுகிறது. பீலியில் முதல் வாளி கனகம்மாவுடையது. அதை நானே அறிவித்துவிட்டேன்.

என் சொந்தங்களே, கண்ணில் புகை இறங்கினால் ஒளிக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அம்மனிடம் கேளுங்கள், தருவாள். ஆனால் அவள் அனுப்புகிற ஆள் வந்து கேட்கும்போது என்னைப்போல் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள். உங்கள் பக்கத்துக் காம்பராவில் யாராவது முட்டிக்கொள்கிற சத்தம் கேட்டால், பேசாதே என்று அவர்கள் சொல்லியிருந்தாலும் போய்க் கதவைத் திறங்கள். உள்ளே ஒருத்தி அதற்காகத்தான் கும்பிட்டுக்கொண்டிருப்பாள்.