அக்காவின் உடம்பு துப்பிய மருந்து

என் அக்காவுக்குக் கையும் வாயும் சேர்ந்துதான் ஓடும். ஒரு பக்கம் கத்தரி, இன்னொரு பக்கம் கதை. எங்கள் கடைக்கு முடி வெட்டிக்கொள்ள வரும் பெண்களில் பாதிப்பேர் தலைக்காக வருகிறார்கள், மீதிப்பேர் காதுக்காக. நான் அவளுடைய தங்கை. அதே கடையில் தலை அலசுவதும் சாயம் பூசுவதும் என் வேலை. அக்கா மூச்சு விடும் இடத்தில் "ஆமா" போடுவதும் என் வேலைதான், அதற்குச் சம்பளம் கிடையாது.

சில வருஷங்களுக்கு முன்னால் அந்தக் கை நின்றுபோனது. முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல்கள் விரியாது. பற்பசையைக்கூட மாமாதான் பிதுக்கிக் கொடுக்க வேண்டும். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர், லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். ஊரார் மாடியேற வழி செய்துவிட்டு வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் பொத்தான் மாட்டிவிடுவார். ஒருநாள் கத்தரி அவள் கையிலிருந்து நழுவி, உட்கார்ந்திருந்தவர் மடியில் விழுந்தது. அக்கா பின்னறைக்குப் போய்த் துண்டுக் குவியல்மேல் உட்கார்ந்து அழுதாள். "கை போச்சுன்னா நான் யாருடி?" என்று கேட்டாள்.

அப்போதுதான் மூட்டு டாக்டர் ஓர் ஊசி எழுதிக் கொடுத்தார். பார்க்கப் பேனா மாதிரி இருக்கும். தொடையில் வைத்து அழுத்தினால் சத்தமில்லாமல் மருந்து இறங்கும். முடிந்ததும் "டிக்" என்று ஒரு சத்தம் வரும், எடுத்துவிடலாம். சில மாதங்களில் விரல் மடங்கியது, விரிந்தது, கத்தரி ஓடியது, வாயும் ஓடியது. அந்த ஊசிக்கு ஃப்ரிட்ஜில் தனித் தட்டு. அதில் யாராவது ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டால்கூட அன்று வீடு ரெண்டுபடும்.

இப்படி வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் மருத்துவமனை கை வைத்தது. அங்கே ஊசி கொடுக்கும் நர்ஸம்மா, பொறுமைசாலி, எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"இது உயிருள்ள செல்லுல வளர்த்து எடுக்கிற மருந்தும்மா. முதல்ல கண்டுபிடிச்ச கம்பெனியோட தனி உரிமை முடிஞ்சுபோச்சு. இப்ப வேற கம்பெனியும் அதே மாதிரி செய்யிறாங்க. இனிமே உங்களுக்கும் அதுதான். நல்லா சோதிச்சுப் பாத்துத்தான் குடுக்கிறோம். விலை கம்மி, அதனால இன்னும் நிறைய பேருக்குக் குடுக்க முடியுது."

இவ்வளவிலும் அக்காவின் காதில் ஏறியது இரண்டே வார்த்தைகள்தான்: மாதிரி, கம்மி.

"பேனா மட்டும் கொஞ்சம் வேற. எப்படிப் போடணும்னு காட்டுறேன், வாங்க."

"எனக்கா? என் தொடையைக் கேளுங்க, அதுவே சொல்லும்" என்று அக்கா எழுந்துவிட்டாள். நர்ஸம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவளைக் கையைப் பிடித்து உட்கார வைக்க என்னால் ஆகுமா?

வீட்டில் முதல் புது ஊசி. அக்கா தொடையில் வைத்து அழுத்தினாள். "டிக்" என்றது. எடுத்தாள். உடனே தொடையெல்லாம் ஈரம், முட்டி வரைக்கும் ஓடியது.

"எல்லாரும் வாங்க! பாத்தீங்களா? என் உடம்பு துப்புது! போலின்னு அதுக்கே தெரிஞ்சுபோச்சு!"

மாமா துண்டோடு வந்தார். "பேனா கசியிற மாதிரி இருக்கே. கூட ஒரு தாள் குடுத்தாங்களே, அதை ஒருதடவை படிச்சுப் பாரேன்."

"கசியிறதுக்கு இது என்ன உங்க லிஃப்ட்டா?"

அந்தத் தாள் ஏற்கெனவே கடையில் என் சாயக் கிண்ணத்துக்கு அடியில் விரிந்து கிடந்தது. நல்ல வழவழப்பான தாள், சாயம் ஊறாது.

மறுநாளே கடையில் ஒலிபரப்பு ஆரம்பமாகிவிட்டது. புது மருந்தால் ஏப்பம் வருகிறது. புது மருந்தால் கால் கட்டைவிரல் அரிக்கிறது. செத்துப்போன மாமியார் கனவில் வந்து குழம்பில் உப்பு இல்லை என்கிறார், அதுவும் புது மருந்தால். வருகிறவர்கள் எல்லாரும் உச்சுக்கொட்டி, ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். உடம்பு துப்பியதை மட்டும் அக்கா கையால் நடித்தே காட்டுவாள். ஒவ்வொரு நாளும் அவள் கதையில் ஈரம் கொஞ்சம் கூடிக்கொண்டே போய்க் கடைசியில் வீட்டையே துடைக்க வேண்டி வந்தது.

கடை நாற்காலியில் ஒருநாள் கணக்கு டீச்சர் வந்து உட்கார்ந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை, தனியாக இருப்பவர், வளவளவென்று பேசாதவர். அவருக்கும் அதே வாதம், அதே மருத்துவமனை.

"எனக்கும் மாத்திட்டாங்க" என்றார் மெதுவாக. "உங்களுக்கு எப்படி இருக்கு?"

"அது மருந்தே இல்ல டீச்சர், வெறும் தண்ணி. உடம்பைக் கெடுத்துக்காதீங்க" என்றாள் அக்கா. அப்புறம் துப்பிய கதை முழுவதும் ஓடியது. டீச்சர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்பமும் கனவும் எப்படியோ, விரல் மட்டும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு ஊசியையும் உடம்பு துப்பியது. வாரங்கள் போகப் போக அக்காவின் கை மறுபடி இறுகியது. முதலில் சீப்பு விழுந்தது. பிறகு ஒருநாள், பாதி வெட்டிய தலையை அப்படியே விட்டுவிட்டுக் கத்தரியை என்னிடம் நீட்டினாள். "சொன்னேன்ல?" என்றாள். சொன்னது பலித்தவள் முகமாக அது இல்லை. முடி வெட்ட எனக்கு வராது, அந்தத் தலைக்குரியவரும் அதற்கப்புறம் எங்கள் கடைப்பக்கம் வரவில்லை.

மாமா லீவு போட்டார். மூவரும் மருத்துவமனைக்குப் போனோம். அக்கா நர்ஸம்மா முன்னால் போய் நின்றாள்.

"நீங்களே கண்ணால பாருங்க. அப்புறம் பேசுங்க."

பேனாவைத் தொடையில் வைத்து, விரல் மடங்காததால் உள்ளங்கையாலேயே அழுத்தினாள். "டிக்" என்றது. வெடுக்கென்று எடுத்து, சாட்சி கேட்பவள் போல உயர்த்திப் பிடித்தாள். மருந்து பீய்ச்சிக்கொண்டு போய் நர்ஸம்மாவின் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது.

நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா அதுக்குள்ள எடுத்தீங்க?"

"டிக்னு சொல்லுச்சே?"

"அது ஆரம்பிக்கிற டிக். இந்தப் பேனாவுல ரெண்டு டிக்கும்மா. ரெண்டாவது வர்ற வரைக்கும் அழுத்திப் பிடிக்கணும்."

மாமா மேலே சுழலும் மின்விசிறியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இத்தனை நாளும்?"

"உள்ள போனதே கொஞ்சம்தான். அதான் வலி திரும்பியிருக்கு."

"அப்ப அந்த ஏப்பம்?"

"அது நீங்க சாப்பிட்டதும்மா."

மாமா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். டாக்டரிடம் கேட்டுவிட்டு நர்ஸம்மா வேறு பேனா எடுத்து வந்து, அக்காவின் கைமேல் தன் கையை வைத்து, இரண்டாவது டிக் வரும்வரை பிடித்திருந்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

விரல் ஒரேயடியாக விரிந்துவிடவில்லை. முதலில் கட்டைவிரல், அப்புறம் மற்றவை. ஒரு காலை அக்கா பற்பசையைத் தானே பிதுக்கினாள், பாதி டியூப் வெளியே வந்துவிட்டது. மாமா அதைத் துடைத்துக்கொண்டே அழுதார். கடையில் கதை புது வடிவம் எடுத்தது. "அந்தப் பேனாவுல ஒரு சூட்சுமம் இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது" என்று, ஏதோ தானே கண்டுபிடித்தவள் போல. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஒருநாள், பள்ளிக்கூடத்து ஆயாம்மா நாற்காலியில் இருந்தபடி சொன்னார்: "கணக்கு டீச்சருக்கும் அதே வியாதிதானே? பாவம், நீண்ட லீவுல இருக்காங்க. சாக்பீஸ்கூடப் பிடிக்க முடியலையாம்."

கத்தரி நின்றது. அன்று மாலை அக்கா துண்டையும் கத்தரியையும் பையில் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

டீச்சர் கதவின் தாழ்ப்பாளை முழங்கையால் தள்ளித் திறந்தார். முடி தோளில் சிக்காகக் கிடந்தது, வாரவும் கை ஒத்துழைக்கவில்லை. அக்கா அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் துண்டைப் போர்த்தினாள். பிறகு, என் ஆயுசில் நான் கேட்டிராத ஒன்றைச் சொன்னாள்.

"தப்பு என் மேலதான் டீச்சர். எனக்குப் போடத் தெரியல. ரெண்டாவது டிக் வரைக்கும் பிடிக்கணுமாம். நீங்களும் என்னை மாதிரி சீக்கிரமா எடுத்திருப்பீங்க."

"இல்லையே" என்றார் டீச்சர். "நர்ஸம்மா காட்டினபடி சரியாத்தான் போட்டேன். மருந்து நல்லாத்தான் கேட்டுச்சு. பள்ளிக்கூடத்துக்குக்கூடப் போய்ட்டுத்தான் இருந்தேன்."

"அப்புறம் என்னாச்சு?"

"அப்புறம் முடி வெட்டிக்க உங்க கடைக்கு வந்தேன். அன்னிக்கே ஊசியை நிறுத்திட்டேன்."

அக்கா சிக்கை ஒவ்வொரு இழையாகப் பிரித்தாள், வாரினாள், வெட்டினாள். அந்த வீட்டில் கத்தரிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. துண்டை உதறும்போது அவள் கன்னம் நனைந்திருந்தது.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம் டீச்சர்" என்றாள். "துணைக்கு நான் வரேன். வாயே திறக்க மாட்டேன்."