சாட்சியில்லாத கையெழுத்து

சோழவந்தான் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை. பத்திரம் எழுதும் அண்ணன் துண்டில் சுற்றிய நாவலைப் பிரிக்கிறார். நூறே பிரதிகள் அச்சிட்டு, எண் போட்டு, ஆசிரியர் கையெழுத்திட்ட பதிப்பு. அதில் பதினேழாம் எண்ணுக்காகத்தான் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன். விலையைப் போனிலேயே பேசியாயிற்று.

முதல் பக்கத்தைத் திறக்கிறேன். ஆசிரியரின் கையெழுத்துக்குக் கீழே நீல மையில் இரண்டு சாட்சிக் கையெழுத்துகள். தகப்பனார் பெயர், கதவு எண் உட்பட.

“என்னண்ணே இது?”

“புத்தகத் திருவிழாவுல எனக்குப் பின்னாடி வரிசையில நின்ன ரெண்டு பேருகிட்ட அங்கனயே வாங்கிட்டேன். சாட்சி இல்லாத கையெழுத்து எப்படி தம்பி செல்லும்? ஒங்க வீட்ல இருக்கிறதுல எம்புட்டுக்குச் சாட்சி இருக்கு?”

அலமாரியில் பூட்டி வைத்திருக்கும், ஆசிரியர்கள் கையெழுத்திட்ட என் பிரதிகளை நினைக்கிறேன். எல்லாமே தபாலில் வந்தவை. யார் போட்டார்களோ!

“சரிண்ணே, குடுங்க.”

“சும்மா எப்படிக் குடுக்கிறது?” பேனாவைத் திறக்கிறார். எதிர்ப் பக்கத்தில் புத்தகம் கைமாறிய விவரத்தை எழுதி, தானும் கையெழுத்திட்டு, என்னையும் போட வைக்கிறார். பிறகு டீக்கடைப் பக்கம் திரும்பிக் கத்துகிறார்: “மாப்ள, இன்னொரு ஆளையும் கூட்டிக்கிட்டு வா, சாட்சிக்கு!”

மதுரைக்குத் திரும்பும் பேருந்தில் எண்ணிப் பார்க்கிறேன். ஏழு கையெழுத்துகள். அவற்றில் யாருடையதென்று வாசிக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். அது நாவலாசிரியருடையது.