அடுப்பு மேடையின் உயரம்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுமித்திரா வாசல் நிலையில் இடது கையைச் சாணாக விரித்து வைத்துப் பார்ப்பாள். செருப்பைக் கழற்றுவது அதற்குப் பிறகுதான். அவளுடைய சாண் எட்டு அங்குலம். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை பதினேழு. அளவுநாடா கையில் இல்லாத இடத்திலும் கட்டடக்கலை மாணவர் அளக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று முதல் வருடத்திலேயே அவரவர் உடம்பின் அளவுகளை மனனம் செய்விக்கிறார்கள்.

வயது இருபத்து மூன்று. ஊர் அக்கராயன். தகப்பன் சுடலைமுத்து குத்தகைக்கு வயல் செய்பவர். தாய் பேச்சியம்மா ஆறு வயதில் பெற்றோருடன் மலையகத் தேயிலைத் தோட்டமொன்றை விட்டு வன்னிக்கு வந்தவர். வீடு, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இரண்டறை வீடு. அதற்குள் குசினி என்று வரையப்பட்ட சிறு அறையில் நெல்மூட்டைகள் இருக்கின்றன. சமையல் நடப்பது பின்னால் உள்ள தகரக் கொட்டிலில். மகள் தென்பகுதிப் பல்கலைக்கழகமொன்றில் மூன்றாம் வருடம் படிக்கிறாள்.

அது என்ன படிப்பு என்பது ஊருக்கு இன்னும் விளங்கவில்லை. பக்கத்து வளவுக் கமலாசனி ஒவ்வொரு விடுமுறைக்கும் வேலிக்கு மேலால் அதே கேள்வியைக் கேட்பார்.

"பிள்ளை, இஞ்சினியருக்குத்தானே படிக்கிறாய்?"

"இல்லை அன்ரி. கட்டடம் வரையிறது."

"அதுக்கு அஞ்சு வருசமோ! எங்கடை மேசன் காலமை தடியாலை நிலத்திலை கீறிப்போட்டு மத்தியானம் அத்திவாரம் வெட்டத் தொடங்கிடுவான்."

"ஓம் அன்ரி. அதாலைதான் உங்கடை அறைக்கதவு கட்டிலிலை இடிச்சு அரைவாசியிலை நிக்குது."

"வாயைப் பாரன் இவளின்ரை!" என்று சொல்லிக் கமலாசனி சிரிப்பார். அந்தக் கதவு இன்றும் அரைவாசிதான் திறக்கிறது.

முதல் வருடத்தில் நெடுநாள்வரை அவர்களை வீடு வரைய விடவில்லை. கோடுதான். அடிமட்டம் இல்லாமல், ஒரே அழுத்தத்தில், தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. பின்னர் அட்டையை வெட்டி மாதிரிகள் செய்யப் பழக்கினார்கள். அவளுடைய இடது சுட்டுவிரலில் உள்ள வெள்ளைத் தழும்பு அந்தப் பருவத்துக் கத்தி போட்டது. அதன்பின் வெட்டுமுகம். ஒரு கட்டடத்தை உச்சியிலிருந்து அடிவரை வாளால் அறுத்துத் திறந்தால் உள்ளே எப்படித் தெரியும் என்று வரைவது. அதைப் பழகிய பின்பு அவளால் பப்பாசிப் பழத்தைக்கூடச் சும்மா வெட்ட முடிவதில்லை. வெட்டிய பாதியைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் தோலின் தடிப்பைப் பார்ப்பாள். "திங்கிறதுக்கா, படம் புடிக்கிறதுக்கா?" என்பார் தாய்.

வெயில் எந்த மாதத்தில் எந்தச் சுவரில் ஏறும், சோழகக் காற்று வீசும்போது புழுதி எந்த யன்னலால் நுழையும், கூரை தன் பாரத்தை எதன்மேல் இறக்குகிறது, இவையெல்லாம் இரண்டாம் வருடத்துப் பாடங்கள். அவற்றைவிடக் கடினமான பாடம் ஒன்று உண்டு. வரைந்தவற்றைச் சுவரில் குத்திவிட்டு அருகில் நிற்க வேண்டும். ஆசிரியர்கள் வரிசையாக அமர்ந்து குறை சொல்வார்கள். வாதாடாமல் கேட்கப் பழக வேண்டும். சென்ற வருடம் அவள் ஒரு நூலகம் வரைந்தாள். கண்ணாடிச் சுவர்கள், உயர்ந்த தூண்கள். அவர்களுள் மூத்தவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது. இதில் உம்முடைய ஊர் எங்கே?" என்று கேட்டார். மயிரிழையில் சித்தியடைந்தாள். வடிவமைப்புப் பாடத்தில் தவறினால் மற்றப் பாடங்களில் எவ்வளவு எடுத்தாலும் பயனில்லை. முழு வருடத்தையும் திரும்பப் படிக்க வேண்டும்.

இந்த விடுமுறைக்கு அவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. ஊரில் சிறியதொரு கட்டடத்தை, பாவிக்கப்போகிறவரை நன்கு அவதானித்து வரைந்து, கட்டுவித்து, படங்களோடு வந்து காட்ட வேண்டும். மாரிக்கு முன் புதுக் குசினி ஒன்று கட்டுவதற்காகச் சுடலைமுத்து சீமெந்துக் கற்களை ஏற்கெனவே வாங்கிக் கிணற்றடியில் அடுக்கியிருந்தார். சுமித்திரா அதையே எடுத்துக்கொண்டாள். இம்முறை ஊர் எங்கே என்று எவரும் கேட்க இடம்வைக்கக் கூடாது என்பது அவள் தீர்மானம்.

தகரக் கொட்டிலின் வாசலில் பலகைக்கட்டை போட்டு அமர்ந்து, தாய் தேங்காய் திருவுவதையும் மீன் வெட்டுவதையும் அடுப்பூதுவதையும் நாட்கணக்கில் வரைந்தாள். தாளில் பேச்சியம்மா எப்போதும் நிலத்தில் இருந்தார். அடுப்பு நிலத்தில், அம்மி நிலத்தில், திருவலை நிலத்தில். அதற்கேற்ப ஒரு மாதிரி செய்தாள். இடுப்பளவு மண்சுவர், மேலே கிடுகுக் கூரை, நடுவில் தாழ்ந்த அடுப்பு, அதைச் சுற்றி அமர்வதற்கு மண்திட்டு. இந்த மண்ணிலிருந்தே எழுந்த குசினி. அதன் படங்களைச் சுவரில் குத்தி நிற்கும்போது ஆசிரியர்களின் முகம் மலர்வதை அவளால் முன்கூட்டியே காண முடிந்தது.

மாதிரி முற்றத்துக் கதிரையில் வைக்கப்பட்டது. சுடலைமுத்து அதைத் தூக்கி அடிப்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கதவு எங்க?" என்றார்.

"கதவு இல்லையப்பா. காத்து வரட்டும் எண்டு திறந்து விட்டிருக்கிறன்."

"காத்து வரும். நாயும் வரும்."

கமலாசனி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "வடிவாத்தான் கிடக்கு. கோழிக்கோ, பேச்சியக்கா?"

பேச்சியம்மா சிரிக்கவில்லை. பாத்திரங்களை அள்ளிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். மகள் பின்னால் போனாள்.

"ஏனம்மா, பிடிக்கேல்லையோ?"

"நான் எப்ப மண்ணு சொவரு கேட்டேன்?"

மகளின் நாக்கு வன்னித் தமிழ் பேசும். தாயின் நாக்கும் ஊருக்குள் அப்படித்தான். ஆனால் வீட்டிலும், மனம் நொந்த வேளையிலும், பேச்சியம்மாவுக்குத் தோட்டத்துப் பேச்சே வரும்.

"நீங்கள் நிலத்திலை இருந்துதானே அம்மா சமைக்கிறியள்? நான் கண்ணாலை பார்த்துத்தானே கீறினனான்."

"பாத்தியே, ஒரு வார்த்தை கேட்டியா? அந்தத் தகரம் என் தலைக்கு மேல எம்புட்டு ஒசரத்துல இருக்குன்னு பாத்தியா? நிமுந்தா இடிக்குது. நிக்க எடமில்லாமதான் குந்திக்கிட்டிருக்கேன்."

சுமித்திரா கொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். தன் வெட்டுமுகத்தில் கூரையையும் வரைந்திருந்தாள். அளவும் சரியாக எழுதியிருந்தாள். அதன் கீழே ஓர் ஆளை நிமிர்ந்து நிற்க வைத்துப் பார்க்கத்தான் அவளுக்குத் தோன்றவில்லை.

"தோட்டத்து லயத்துல எல்லாருக்கும் ஒரே காம்பராதான். எங்கம்மா அங்கயும் இங்கயும் பொகையில குந்தியே செத்தா. இங்க வந்தும் கிடுகுக் கொட்டில், பெறகு சண்டையில ஓடிப்போன எடமெல்லாம் தறப்பாள் கூடாரம். எல்லாத்துலயும் குந்தியாச்சு. கமலாசனி வீட்டுல மேடை இருக்கு. நின்னுக்கிட்டு சமைக்கிறா. நீ அஞ்சு வருசம் படிச்சு என்னைய மறுபடி குந்த வைக்கிறியா?"

கேட்டு முடித்ததும் பேச்சியம்மாவுக்கே சங்கடமாகிவிட்டது. "சரி, உனக்கு மார்க்ஸ் வேணும்னா அதையே கட்டு. நான் சமைச்சுக்குவேன்" என்று சொல்லிச் சட்டியைக் கழுவத் தொடங்கினார். கரி போன பிறகும் கழுவிக்கொண்டிருந்தார்.

சுமித்திரா வாதாடவில்லை. அந்தப் பழக்கம் அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்பட்டதுதான். மறுநாட்காலை மாதிரியைப் பிரித்தாள். அட்டை விலை கூடிய பொருள் என்பதால் ஒன்றைப் பிரித்து இன்னொன்றைச் செய்வது அந்த மாணவர்களின் வழக்கம். பசை பிடித்த ஓரங்களை வெட்டி நீக்கிவிட்டு அதே அட்டையில், தகப்பனின் சீமெந்துக் கற்களின் அளவுக்கு, நான்கு சுவர் எழுப்பினாள். கதவு வைத்தாள். சோழகப் புழுதிக்கு முதுகு காட்டியபடி, அடுப்புக்கு மேலே புகைபோக்கி. நின்று சமைப்பவரின் கண்மட்டத்தில் வேலிப் படலையைப் பார்த்த யன்னல். வெளியிலிருந்து பார்த்தால் அது சாதாரண சீமெந்துக் குசினி. சுவரில் குத்தி நிற்கும் நாளில் அதற்கு என்ன சொல்வார்கள் என்பதை அவளால் ஊகிக்க முடியும். போன வருடக் கேள்வி திரும்ப வரலாம். வருடமே திரும்பவும் வரலாம்.

ஓர் அளவு மட்டும் எஞ்சியிருந்தது. அடுப்பு மேடைக்குப் புத்தகத்தில் ஒரு பொது உயரம் உண்டு. கமலாசனி வீட்டு மேடையும் அநேகமாக அதே உயரம். பேச்சியம்மா குள்ளமானவர். அந்த உயரத்தில் அவர் நாள் முழுவதும் தோளை உயர்த்தித்தான் கிண்ட வேண்டியிருக்கும்.

"அம்மா, இஞ்சை வாங்கோ. சுவரோடை நில்லுங்கோ."

"எதுக்கு?"

"நில்லுங்கோவன்."

பேச்சியம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, அடையாள அட்டைக்குப் படம் எடுக்க நிற்பவர்போல வீட்டுச் சுவரோடு விறைத்து நின்றார்.

"கையை மடக்குங்கோ. அகப்பை பிடிக்கிற மாதிரி."

மகள் முழங்கை மட்டத்தைப் பார்த்து, அதற்குக் கீழே அரைச் சாண் விட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டாள். அடிமட்டம் வைக்கவில்லை. கோடு நேராக ஓடியது.

"காணும் அம்மா. இனிப் போங்கோ."

பேச்சியம்மா போகவில்லை. கோட்டின் பக்கம் திரும்பி நின்று, அந்த உயரத்தில், இன்னும் கட்டப்படாத மேடையை உள்ளங்கையால் இடமிருந்து வலமாக ஒருமுறை துடைத்தார்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.