பிளேன் தட்டும் செல்லாயி அம்மாளும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஹட்டன் கடைத்தெருவில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு லொறி என்னைத் தாண்டிப் போய் நின்றது. அதிலிருந்து குதித்து ஓடிவந்தவன் ராஜு. உடப்புசல்லாவைக்குப் பக்கத்தில் நான் முன்பு வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்துப் பையன். அங்கே பந்தாட்டக் கோஷ்டிக்குத் தலைவனாக இருந்தவன்.

“டொக்டர் ஐயா, மருத்துவச்சி அம்மா போயிட்டாங்க. நேத்து சாயந்தரம். ஒங்களத் தேடித்தான் வாரேன்.”

அவனுடைய லொறியிலேயே ஏறிக்கொண்டேன். லொறி நுவரெலியாவைத் தாண்டியது. பிறகு அவன்தான், “நான் பொறந்தப்ப என்னைத் தலைகீழாப் புடிச்சு அடிச்சது அவங்கதானாம்ங்க” என்றான். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

செல்லாயி அம்மாளை அறிந்தவர்கள் இதைப் படித்தால், அவர்கள் தாங்களாவது தங்கள் பிள்ளைகளாவது அவர் கையில் பிறந்தவர்களாகத்தான் இருப்பார்கள். இலங்கை சுதந்திரம் பெற்ற வருஷத்தில் நான் அந்தத் தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் வேலைக்குப் போனேன். அப்போது அவர் கொழுந்துக்கூடையை விட்டுவிட்டு மருத்துவச்சியாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நெடிய உருவம். பெரிய கைகள். பிரசவ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும் பெண்களிடம், “கத்து தாயி, நல்லாக் கத்து. தொரை பங்களா வரைக்கும் கேக்கட்டும்!” என்பார். வலியோடு வலியாக அந்தப் பெண்கள் சிரித்துவிடுவார்கள்.

தோட்டத்துக்கு மேலே, புல்மலையின் தோளில், நீளமான சமதரை ஒன்று உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது வெள்ளைக்காரப் பட்டாளம் வெட்டிச் சமப்படுத்திய இடம். பழுதுபட்ட ஆகாய விமானம் அவசரத்துக்கு இறங்கட்டும் என்று அமைத்தார்களாம். தோட்டத்து ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் பிளேன் தட்டு. நான் போனபோது பட்டாளம் போய்விட்டிருந்தது. அவர்களுடைய கொட்டகையின் சீமெந்துத் தரையும், காற்றின் திசை பார்க்கத் துணி கட்டிய இரும்புக் கம்பமும்தான் மிச்சம். கம்பத்தில் மாடு கட்டியிருப்பார்கள். சீமெந்துத் தரையில் யாராவது மிளகாய் காயப்போட்டிருப்பார்கள்.

ஒருநாள் பிற்பகல் மேல் லயத்து வரிசை வீடொன்றில் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு அந்த வழியாக இறங்கினேன். பனிமூட்டம். அதற்குள் செல்லாயி அம்மாள் கையில் ஒரு செம்போடு நடந்துகொண்டிருந்தார். ஓரிடத்தில் குனிந்து கொஞ்சம் பால் ஊற்றினார். நடந்தார். நின்று யோசித்தார். வேறோர் இடத்தில் ஊற்றினார். பிறகு திரும்பி வந்து, முதலில் ஊற்றிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி மறுபடியும் ஊற்றினார்.

“என்ன அக்கா தேடுறீங்க?” என்று கேட்டேன்.

“எம் புள்ளையத்தாங்க ஐயா தேடுறேன்.”

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, பட்டாளம் வருவதற்கு முன் அந்தச் சமதரை தோட்டத்து ஜனங்களின் இடுகாடு என்று. செல்லாயி அம்மாளின் ஒரே குழந்தை தங்கம், நடக்கத் தொடங்கிய வயதில் வயிற்றோட்டத்தால் இறந்து அங்கேதான் புதைக்கப்பட்டிருந்தாள். அடுத்த வருஷம் லொறிகள் வந்தன. வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் கணக்கெடுத்து, ஆண்களையெல்லாம் மண்வெட்டியோடு மேலே அனுப்பினார்கள். அவர் கணவர் வீரமலையும் அதில் ஒருவர்.

“அவரு கங்காணிகிட்ட சொல்லியிருக்காரு, அது எம் புள்ள கெடக்கிற எடம், என்னைய வேற பக்கம் போடுங்கன்னு. கங்காணி போயி சொல்லிப் பார்த்தாரு. யாரு கேட்டா? சண்டை நடக்குதுன்னுட்டாங்க. அவரே வெட்டுனாரு ஐயா. அடையாளத்துக்கு வச்ச கல்ல எடுத்துத் துண்டுல சுத்திக்கிட்டு வந்தாரு. எங்க இருந்து எடுத்தாருன்னு நான் கேக்கல. கேட்டா அந்த மனுசன் செத்துப் போவாருன்னு பயம்.”

கேட்காமலேயே வீரமலை செத்துப்போனார். யுத்தம் முடிந்த வருஷம் காய்ச்சலில் போனதாகச் சொல்வார்கள். அவரோடு அந்த இடமும் தெரியாமல் போயிற்று.

விமானம் அங்கே இறங்கியது ஒரே ஒரு தடவைதான் என்பது தோட்டத்தில் எல்லோரும் சொல்லும் கதை. சின்ன விமானம். கொழுந்தை மலையிலேயே போட்டுவிட்டு ஜனங்கள் பார்க்க ஓடினார்களாம். அதைப் பற்றிச் செல்லாயி அம்மாளிடம் ஒரு தடவை கேட்டேன். “எல்லாரும் ஓடுனாங்க. நான் கூடையோட நின்ன எடத்துலயே நின்னேன். அது எம் புள்ள மேலதானே எறங்குது? நான் போயி எதப் பாக்கிறது?” என்றார்.

வருஷங்கள் போயின. அவர் கையில் பிறந்த பையன்கள் வளர்ந்து பிளேன் தட்டில் பந்து விளையாட ஆரம்பித்தார்கள். மலைச்சரிவில் பந்து போட்டால் அது ஆற்றில் போய்த்தான் நிற்கும். வேறு தரை அவர்களுக்கு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்தோடு போட்டி. நானும் பார்க்கப் போயிருந்தேன். பாதி ஆட்டத்தில் செல்லாயி அம்மாள் தரையின் நடுவே வந்து நின்றுவிட்டார்.

“இது பொணம் பொதைச்ச எடம்டா. இங்க மிதிக்காதீங்க!”

ஆட்டம் நின்றது. ராஜுதான் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னான்: “தெரியும்மா. எங்க அப்பத்தாவும் இங்கதான் கெடக்கு. வேற எங்கம்மா போறது? எங்களுக்குன்னு தரை எங்க இருக்கு?”

அவர் அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஓரத்துக்கு வந்து என் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார். பையன்கள் தயங்கித் தயங்கி விளையாடத் தொடங்கினார்கள். எங்கள் தோட்டம் ஒரு கோல் போட்டதும் வந்திருந்த சனம் முழுதும் கூச்சல் போட்டது. அந்தக் கூச்சலில் அவர் என் பக்கம் திரும்பினார்.

“வெளையாடட்டும்ங்க ஐயா. இத்தனை வருசமா மாடுதான் மேஞ்சிச்சு. புள்ளைங்க சத்தம் கேட்டா அவளும் தனியாக் கெடக்கிற மாதிரி இருக்காது.”

அதன் பிறகு ஆட்டமிருக்கும் ஞாயிறுகளில் அவரை அங்கே காணலாம். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் தெரியாது என்பார்.

புதிதாக வந்த துரை பிளேன் தட்டில் தேயிலை நடத் தீர்மானித்தது அதற்குப் பின்னால். ஒரு காலைப் பெரட்டில் குழிவெட்ட ஆட்கள் பெயர் வாசிக்கப்பட்டது. அன்று செல்லாயி அம்மாள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. லயம் லயமாகப் போய்க் கிழவிகளையும் தாய்மார்களையும் கூட்டிக்கொண்டு மேலே போய்விட்டார். என்னை அழைத்துவர ஆள் வந்தது. துரைக்குத் தமிழ் அரைகுறை, அவருக்குக் கீழே வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவுக்கோ அன்று வாய் திறக்கப் பயம்.

நான் போனபோது பெண்கள் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். துரை, புதைத்த இடங்களைக் காட்டச் சொல்லுங்கள், அவற்றை விட்டுவிட்டு நடலாம் என்றார். நியாயமாகத்தான் பேசினார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

செல்லாயி அம்மாள் எழுந்தார். “காட்டத் தெரிஞ்சா நாங்க ஏன் தொரை இங்க வந்து ஒக்காந்திருக்கோம்? எம் புள்ளையோட குழிய எம் புருசன் கையாலயே வெட்டித் தள்ள வச்சாங்க. எது யாரு குழின்னு இப்ப எங்களுக்கே தெரியாது. இன்னொரு தடவை எங்க ஆளுங்க கையில மம்பட்டியக் குடுக்காதீங்க.”

நான் மொழிபெயர்த்தேன். துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு தரையின் அந்தக் கோடிவரை தனியாக நடந்து போய்த் திரும்பினார். மேல்பாதியைப் பையன்களுக்கு விட்டுவிடுவதாகவும், பாதையோரக் கீழ்ப்பாதியில் மட்டும் வெளியாட்களைக் கொண்டு தேயிலை நடுவதாகவும் சொன்னார். அதற்குமேல் அவர் இறங்கிவரவில்லை.

தோட்டம் அதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடியது. மேல்பாதியில் தேங்காய் உடைத்தார்கள். செல்லாயி அம்மாள் மட்டும் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: “அவ எந்தப் பாதியில கெடக்கான்னு தெரியலையே ஐயா?”

கீழ்ப்பாதியில் செடிகள் வளர்ந்து கொழுந்து எடுக்கும் பருவம் வந்த பிறகும், அவர் பால் செம்போடு மேலும் கீழும் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். தேயிலைக்கு நடுவிலும் ஊற்றுவார்.

நான் ஹட்டனுக்கு மாறி வந்த பிறகு ஒரே ஒரு முறை அவரைப் பார்த்தேன். இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போவதா, இருப்பதா என்று லயங்களில் எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருந்த நேரம். அவருடைய தம்பி குடும்பம் போவதென்று முடிவு செய்திருந்தது. அக்காவையும் கூப்பிட்டார்கள்.

“போகலையா அக்கா?”

“எங்க ஐயா போறது? அந்த ஊர நான் கண்ணால பார்த்ததுகூட இல்ல. எங்க அப்பன் சொன்ன பேருதான் தெரியும். புள்ளைய இங்க போட்டுட்டு அங்க போயி யாரத் தேடுறது?”

இருந்துவிட்டார். தம்பிக்கு விடை கொடுக்க ரயிலடிவரை வந்தாராம். ரயில் போன பின்பும் நெடுநேரம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அவருக்கு மார்வலி தொடங்கியிருந்தது அப்போதே என்று பிறகுதான் அறிந்தேன்.

அந்தச் சனிக்கிழமை ராஜுவும் நானும் போய்ச் சேர்ந்தபோது, அவரைப் பிளேன் தட்டின் ஓரத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்று ஜனங்கள் துரையிடம் கேட்டிருந்தார்கள். அனுமதி கிடைக்கவில்லை. இடுகாடு இப்போது ஆற்றோரத்தில்தான். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று பதில் வந்திருந்தது. யாரும் சண்டை போடவில்லை. ஆனால் ஞாயிறு மதியம் பாடையைத் தூக்கிய பையன்கள் கீழ்நோக்கிப் போகாமல் மலையேறினார்கள். தப்புச் சத்தம் முன்னே போனது. தேயிலை நட்ட கீழ்ப்பாதியின் நடுவே உள்ள ஒற்றையடிப் பாதையில் நடந்து, மேல்பாதிக்கு வந்து, அங்கே பாடையை இறக்கி வைத்தார்கள். தப்பு நின்றது. ஒரு கிழவி மட்டும் குனிந்து, “தங்கம், ஒங்கம்மா வந்திருக்கா பாரு” என்று மண்ணிடம் சொன்னாள். பிறகு தூக்கிக்கொண்டு ஆற்றோரம் இறங்கினோம்.

என்னிடம் அவருடைய படம் இல்லை. அவர் பொருள் எதுவும் இல்லை. ஆனால் இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு குழந்தை இறந்தால், மருந்தறையோடு என் வேலை முடிந்தது என்று இருக்க முடிவதில்லை. அதன் தகப்பனோடு நானும் போகிறேன். மண் தள்ளி முடிந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்க்காமல் போகத்தான் சொல்வார்கள். நான் போவதில்லை, கொஞ்சம் பின்தங்கி நின்று, எந்த மரத்துக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து மனத்தில் வைத்துக்கொள்கிறேன். என்றைக்காவது ஒருநாள் அந்தத் தாய் வந்து கேட்பாள். கேட்டால் காட்ட வேண்டும்.