தாழ்ப்பாள் சத்தம்

ராஜபாளையத்தில் குடியிருந்தபோது ஒருநாள், என் மூன்று வயது மகள் விளையாட்டாக அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குக் கை கால் விறைத்துவிட்டது. அவள் கதறி அழுவது மட்டும் காதில் விழுந்தது.

நான் கதவு முன் அசையாமல் நிற்பதை வாசலிலிருந்து பார்த்த அடுத்த வீட்டு அக்கா ஓடிவந்து கதவைத் தட்டினார். "ஏட்டி கண்ணு, அந்தத் தாழைக் கீழ இழு பாப்போம்."

"மாட்டேன் அத்தை! ஒளிஞ்சிருக்கேன், கண்டுபிடிங்க!" உள்ளே ஒரே சிரிப்பு.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவ சிரிக்கா. நீ எதுக்குட்டி முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு நிக்க?"

அப்போதுதான் கவனித்தேன். சிறுவயதில், ஸ்ரீவில்லிபுத்தூரில், சித்தப்பா என்னைப் பஞ்சு குடோனுக்குள் தள்ளிப் பூட்டுவார். அழுகைச் சத்தம் கேட்டால் திறக்கமாட்டார். பாவாடையை வாயில் அடைத்துக்கொள்வேன். எல்லாம் மறந்துவிட்டதாகவே நினைத்திருந்தேன். நான் கேட்டது என் மகளின் அழுகையல்ல.

சிறிது நேரத்தில் அவளே கதவைத் திறந்தாள். அன்று அக்காவிடம்தான் முதன்முதலாக எல்லாவற்றையும் சொன்னேன்.

இன்றும் நான் தாழ் போடாமல்தான் குளிக்கிறேன். மகள் போட்டுக்கொள்கிறாள். தடுப்பதா, விடுவதா என்று ஒவ்வொரு முறையும் கதவுவரை போகிறேன். தடுப்பதில்லை. உள்ளே அவள் பாடுவதைக் கேட்டபடி வெளியே நிற்கிறேன்.