கீலுக்கு விட்ட எண்ணெய்

மலைப்பாதையின் ஏழாவது தங்குகுடிலைப் பதினொரு வருடமாகப் பார்த்துக்கொள்பவள் என் அக்கா. அதற்கு முன்பு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வை மடித்தாள். நாள் கணக்கில் நடக்கிறவர்கள் ராத்தங்க ஆறு பலகைக் கட்டில்கள், ஒரு பதிவேடு, வெளியே சாப்பாடு வைத்துப் பூட்ட ஓர் இரும்புப் பெட்டி. குடில் என்றால் அவ்வளவுதான். வாரம் இருமுறை ஏறிப் போய்க் கூட்டுவாள். வழியில் கரடி கீறிய மரத்தையும் போட்டுவிட்டுப் போன சாணத்தையும் பார்த்து, எத்தனை நாள் பழையது என்று எழுதி வைப்பாள். வன அலுவலகத்தில் அவளுக்குக் ‘கரடியக்கா’ என்று பெயர். கரடியை மட்டும் பார்த்ததே இல்லை.

“உன் சத்தத்துக்கே அது பக்கத்து மலைக்கு ஓடியிருக்கும்” என்பார் அத்தான்.

“நீங்க மட்டும் ஏன் ஓடாம உக்காந்திருக்கீங்க?” என்பாள்.

ஒரு நாள் மதியம் அவள் போனபோது, குடிலில் ஒருவர் கணுக்கால் வீங்கிப் படுத்திருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பது வருடம் நடந்தும் ஆசை தீராமல் மலையேற வந்தவர். அக்கா கையிலிருந்த வாக்கிடாக்கியில் அலுவலகத்தைக் கூப்பிட்டாள். பனிமூட்டம் இறங்கிவிட்டது, காலையில்தான் ஆள் வரும் என்றார்கள்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். கதவுக்கு வெளியே பெருமூச்சு கேட்டது. பிறகு, நாய் தட்டை நக்குவது போன்ற சத்தம்.

“என் ரொட்டியெல்லாம் அந்தப் பெட்டியிலதானேம்மா இருக்கு? கதவுல என்ன பண்ணுது?” என்று கிசுகிசுத்தார் தபால்காரர்.

அக்கா கதவின் கீல் பக்கம் திரும்பினாள். கதவு கிரீச்சிடுகிறது, தூங்க முடியவில்லை என்று பதிவேடு முழுக்கப் புகார். அலுவலகத்தில் மெஷின் ஆயில் தீர்ந்திருந்ததால், போன வாரம் வீட்டுச் சமையல் எண்ணெயைக் கொண்டுவந்து கீல்களுக்கு விட்டிருந்தாள். பற்பசையைக்கூட உள்ளே வைக்கக் கூடாது என்று வருகிறவர்களை விரட்டுகிறவள் அவள்.

“ஐயா, கீலுக்கு நான்தான் சமையல் எண்ணெய் விட்டேன்.”

“நிறையவா?”

“வழிய வழிய.”

நக்கும் சத்தம் நின்று நெம்பும் சத்தம் தொடங்கியது. மேல் கீலின் திருகாணி ஒன்று வெளியே கல்லில் விழுந்து தெறித்தது. வெளிப்பக்கம் திறக்கும் கதவு அது. அக்கா குறுக்குச் சட்டத்தைப் பிடித்து உள்ளே இழுத்தபடி தொங்கினாள். கரடி வந்தால் குரல் கொடுக்க வேண்டும் என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவளுக்கு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மரப் பிளவு வழியே சூடான மூச்சு அவள் விரல்களில் பட்டது.

இரண்டாவது திருகாணியும் விழுந்தது. தபால்காரர் தகரத் தட்டை ஊன்றுகோலால் அடித்து, வாய்க்கு வந்ததைக் கத்தினார்: “தபால்! அம்மா, தபால்!”

அதைக் கேட்டுத்தான் அக்காவுக்கும் தொண்டை திறந்தது. “போ! போய்த் தொலை!”

மூச்சு நின்றது. புதர்கள் முறியும் சத்தம் மெல்ல விலகியது. போய்விட்டதா, நிற்கிறதா என்று தெரியாமல், விடியும் வரை இருவரும் மாறி மாறிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் ஆட்கள் வந்து தபால்காரரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அலுவலகத்துக்குப் போகும் கடிதமெல்லாம் என் கையெழுத்துதான். அக்கா கொடுக்க வேண்டிய அறிக்கையில், ‘கரடி வந்த காரணம் தெரியவில்லை’ என்று எழுதினேன்.

“காலேஜுல இதைத்தான் சொல்லிக்குடுத்தாங்களாடா? எண்ணெய்னு எழுது. நான்தான் விட்டேன்னு எழுது.”

“வேலை போயிடும்க்கா.”

“திருகாணியை மாட்டிட்டு நாளைக்கே திறந்து விட்டுருவாங்கடா. எண்ணெய் கட்டையில ஊறிக் கிடக்கு. ருசி கண்டது சும்மா இருக்குமா?”

எழுதினேன். அன்றே குடிலை மூடி, பாதையில் சங்கிலி கட்டினார்கள். அக்காவின் வேலையைப் பற்றி எந்த முடிவும் சொல்லவில்லை.

நான்காம் நாள் காலை, இரண்டு வனக்காவலர்களோடு அக்காவும் நானும் ஏறிப் போனோம். கதவு பத்தடி தள்ளிக் கிடந்தது. நிலைச்சட்டம் தும்பு தும்பாகக் கடிக்கப்பட்டிருந்தது. உள்ளே ஆறு கட்டில்களிலும் இன்னும் காயாத சேறு. இரண்டு பிளந்து கிடந்தன. கேலி பேசிக்கொண்டே ஏறிய காவலர்கள் பிளந்த பலகைகளைத் தூக்கிப் பார்த்தார்கள்.

முந்தைய இரவு அங்கே தங்க ஐந்து பேர் பதிவு செய்திருந்ததாகவும், அவர்களைக் கீழேயே நிறுத்திவிட்டதாகவும் ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு குனிந்து, தும்புகளுக்குள் கிடந்த கீலை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.