பனியக்காவின் புறங்கை

தராசு முள் சரியான இடத்தில் நின்ற பிறகும் அவள் நம்புவதில்லை. வலது கைக்கு மட்டும் தடித்த தோலுறை. இடது கை வெறுங்கை. இடது புறங்கையைச் சிவப்பு சிலிண்டரின் தோளில் வைக்கிறாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. பிறகு தரையில் விரித்த கறுப்பு ரப்பர் விரிப்பின் பக்கம் சிலிண்டரின் வாயிலுள்ள புனலைத் திருப்பி விசையை அழுத்துகிறாள். "ஒண்ணு, ரெண்டு." கொட்டகையே அதிரும்படி ஓர் இரைச்சல். அது ஓய்ந்ததும் விரிப்பின்மேல் இரண்டு கைப்பிடி வெள்ளைப் பனி கிடக்கிறது.

முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து பார்க்கிறாள். வெளியே தார் ரோடு இளகும் வெயில். அந்தப் பனி உருகுவதில்லை, ஓடுவதில்லை. ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, சொல்லாமல் கொள்ளாமல் காற்றோடு போய்விடுகிறது. பதினெட்டு வருடமாகப் பார்த்தும் அவளுக்கு அலுக்கவில்லை. வாய் லேசாகத் திறந்தபடி நிற்பாள். அப்போது யார் கூப்பிட்டாலும் காதில் ஏறாது.

தீயணைப்பு சிலிண்டர்களைச் சோதித்து, கரியமில வாயு அடைத்துக் கொடுக்கும் பட்டறை அது. அங்கே அவளுக்குப் பனியக்கா என்று பெயர். வயது நாற்பத்தாறு. ஐம்பத்தெட்டு வயது வண்டி ஓட்டுநரும் அக்கா என்றே அழைப்பதில் மட்டும் அவளுக்குச் சின்ன மனத்தாங்கல் உண்டு.

சிலிண்டர் வாங்க வருகிறவர்கள், உள்ளே ஐஸ் வைத்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல அவர்கள் கையைப் பிடித்து இழுத்துச் சிலிண்டரின்மேல் வைப்பாள். "குளிருதா? இல்லல்ல? நம்ம உடம்பு மாதிரிதான் இருக்கு. உள்ள குளிர்னு ஒண்ணுமே கிடையாது. வாயு நெருக்கியடிச்சு உக்காந்திருக்கு, அவ்வளவுதான். கதவத் தொறந்ததும் தலைதெறிக்க ஓடுது. ஓடத் தெம்பு வேணுமில்லையா? வேற யாரு கொடுப்பா? தன்னோட சூட்டையே செலவழிச்சுக்கிட்டு ஓடுது. அதான் பனியாப் போயிடுது." சொல்லி முடித்ததும் அவளுக்கே மெய்சிலிர்க்கும். கேட்டவர் ரசீதைத் தேடிக்கொண்டிருப்பார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வாயு பாயும்போது புனலை வெறுங்கையால் பிடித்துவிட்டாள். இடது கையில் இரண்டு விரல்களின் தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த விரல்நுனிகளுக்கு இன்றுவரை உணர்ச்சி இல்லை. அதனால்தான் புறங்கை. கணவருக்கு ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை. "ஒருத்தர் வெந்து வர்றாரு, ஒருத்தி வெறச்சு வர்றேன். பொண்ணு மட்டும்தான் வீட்ல வெதுவெதுப்பா இருந்தா. அவளும் படிக்க வெளியூர் போயிட்டா" என்பாள்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சிலிண்டரையாவது திறந்து பனி பார்க்காமல் விடமாட்டாள். பார்த்த பிறகு அதை மறுபடி நிரப்ப வேண்டும். முதலாளிக்கு இது வீண் வேலை. அவர் தராசை நம்புகிறவர். "எடை சரியா இருந்தா எல்லாம் சரி. உனக்குப் பனி பாக்கணும்னா மலைக்குப் போயிட்டு வா" என்பார்.

போன மாதம் ஒரு காலை. மருத்துவமனையின் பச்சைக் குழந்தைகள் பிரிவுக்கு, மின்பலகைகளின் பக்கத்தில் மாட்ட, பன்னிரண்டு சிலிண்டர்கள். பதினொன்று வண்டியில் ஏறிவிட்டன. பன்னிரண்டாவதை எடுத்து விசையை அழுத்தினாள். இரைச்சல் வரவில்லை. இருமியது, செருமியது, அடைத்துக்கொண்டது. விரிப்பின்மேல் ஏதோ சிதறி விழும் சத்தம். குனிந்தாள். சிறிதளவு பனி, நடுவே கண்ணாடிபோல் நாலைந்து மணிகள். பனி போய்விட்டது. மணிகள் போகவில்லை. ஒன்றை உள்ளங்கையில் வைத்தாள், தண்ணீராகி ஓடியது.

சில வருடங்களுக்கு ஒருமுறை சிலிண்டருக்குள் தண்ணீர் அடைத்து உறுதி பார்ப்பார்கள். பிறகு கவிழ்த்து, சூடான காற்று ஊதி, உள்ளே சொட்டு ஈரமில்லாமல் காய வைக்க வேண்டும். காய்ந்ததற்கு அடையாளம், தோளில் ஒரு சாக்பீஸ் கோடு. காய்ந்ததா என்று பார்ப்பவர் யாரோ அவரே கோடு போடுவார். செவ்வாய்க்கிழமை அவள் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து போன்: "அம்மா, வேலை கிடைச்சிருச்சு." அந்தச் சந்தோஷத்தில், காயாதவற்றுக்கும் ஒரே இழுப்பில் கோட்டைப் போட்டுவிட்டுப் போனோடு வாசலுக்கு ஓடிவிட்டாள். திரும்பி வந்தபோது எல்லாவற்றிலும் கோடு இருந்தது. அவள் கோட்டை அவளே நம்பி வாயுவை அடைத்தாள்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, வண்டி நிக்குது."

"எல்லாத்தையும் எறக்கணும்."

"எதுக்கு? எடை சரிதானே?"

"எடை சரிதான். தண்ணிக்கும் எடை இருக்கே."

அவர் முகம் மாறியது. தீப்பிடிக்கும் நேரத்தில் விசையை அழுத்தினால், பாயும் வாயுவின் குளிர் அந்தத் தண்ணீரை வாயிலேயே உறைய வைத்து அடைத்துவிடும் என்பது அவருக்கும் தெரியும். "கோடு போட்டது யாரு?" என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன் இதே தப்பைச் செய்தவரை அந்த நிமிடமே வேலையைவிட்டு அனுப்பியவர் அவர். செவ்வாயன்று கொட்டகையில் மூன்று பேர் இருந்தார்கள். கோட்டில் யாருடைய பெயரும் இல்லை.

"நான்தான். காயறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன்."

அவர் வண்டிப் பக்கம் போய், ஓட்டுநரோடு சேர்ந்து தாமே சிலிண்டர்களை இறக்கினார். பன்னிரண்டையும் திறந்து காலி செய்தார்கள். நான்கில் தண்ணீர் இருந்தது. பனியக்கா தன் கோடுகளை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். துடைக்கும்போது அழுதாள், அதை மறைக்கவும் இல்லை. எல்லாவற்றையும் கவிழ்த்துக் காய வைத்து, திரும்ப நிரப்பி முடித்தபோது பிற்பகல் ஆகிவிட்டது.

முதலாளி தராசைப் பார்க்கவில்லை. ரப்பர் விரிப்பைத் தாமே உதறிப் போட்டார். "ஒண்ணொண்ணாக் காட்டு" என்றார்.

பன்னிரண்டு இரைச்சல்கள். பன்னிரண்டு முறை பனி. அவரும் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தார். நாலாவது பனி கரையும்போது அவர் வாயும் லேசாகத் திறந்திருந்தது. "இவ்வளவு வெயில்லயா?" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

காட்டியதில் குறைந்த வாயுவை மறுபடி அடைத்து முடித்ததும் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் கோடு போடவில்லை. சாக்பீஸை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, முதல் சிலிண்டரின் தோளில் இடது புறங்கையை வைத்து, கண்ணை மூடி நின்றாள்.